ஸ்ட்ரைக்கு டைம்

ஜீவனஹள்ளியில் சங்கமித்ராவோடு வாக்குவாதம் செய்து ஜெயித்தவர் என்று யாரும் இல்லை. தண்ணீர் லாரிக்காரர் முயன்று பார்த்தார். அவள் வேலை செய்யும் நர்சரிப் பள்ளியின் தாளாளர் முயன்று பார்த்தார். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் சித்தப்பா, "பொண்ணு கொஞ்சம் சத்தமா பேசுதே" என்று சொல்லிவிட்டு, அதற்கு வந்த பதிலைக் கேட்டுக் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. அவளும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் தான் பிழைத்ததோடு, அப்பா போனபிறகு அம்மா சம்பூர்ணத்தையும் கோலார் தங்கவயலிலிருந்து கூட்டிவந்து, தன் இரண்டு அறை வீட்டில் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

நாற்பது வயதை எட்டிப் பிடிக்கும் நேரத்தில் அவள் எம்.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்தது பாதி ஆசை, பாதி வீம்பு. காலையில் நர்சரிப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடி எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். மதியம் டப்பாவில் இருந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்புக்குப் போவாள். கடைசி வருடம் நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்துப் பேட்டையில் ஒரு பி.யூ., அதாவது பிளஸ் டூ, கல்லூரியின் முதல்வர் அவளைக் கூப்பிட்டு, எம்.ஏ. முடித்துவிட்டால் ஜூனில் லெக்சரர் வேலை நிச்சயம் என்றார். அன்று சாயங்காலமே அந்தச் செய்தி தெருமுனைப் பூக்காரம்மா வரைக்கும் போய்விட்டது. சொன்னது வேறு யாருமில்லை, சங்கமித்ராவேதான்.

கடைசி வருடத்தில் விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். அவள் எடுத்தது அமெரிக்க நாடகத்தின் வரலாறும் கோட்பாடும்.

"டிராமா பாக்கறதுக்கு இன்னாத்துக்குடி பரீட்சை?" என்று கேட்டாள் சம்பூர்ணம்.

"பாக்கறதுக்கு இல்லம்மா. எதுக்குப் பாக்கறோம்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

"அதான் பொழுது போகலைன்னு பாக்கறோம். இதுக்கு ரெண்டு வருசமா?"

பாடம் நடத்தியவர் சஹானா மேடம். சங்கமித்ராவைவிட வயதில் சின்னவர், தும்கூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். வகுப்பில் ஆங்கிலம் பேசுவார், கேன்டீனில் கன்னடத்துக்கு மாறிவிடுவார். அவர் சொல்லச் சொல்ல சங்கமித்ரா அந்த நாட்டு நாடகத்தைத் தன் தெருவில் நடந்த சண்டையைக் கேட்கிற மாதிரி கேட்டாள். வில்லன் மேடைக்கு வந்தாலே கூட்டம் சீறி ஊளையிட்ட பழைய நாடகங்களைப் பற்றிக் கேட்டபோது கைகொட்டிச் சிரித்தாள். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பு மக்களைக் கேலி செய்து ஆடி, ஊர் ஊராகக் கைதட்டு வாங்கிய வரலாற்றைப் படித்த அன்று அவளுக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை மூடி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டாள். மழை வந்ததும்தான் போய் எடுத்து வந்தாள்.

நான்காவது சுவர் என்று ஒரு கோட்பாடு. மேடையில் மூன்று பக்கம் சுவர் இருக்கிறது, நாலாவது சுவர் பார்வையாளர் பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, நடிப்பவர்கள் அதை நம்ப வேண்டும் என்று சஹானா விளக்கினார்.

சங்கமித்ரா கையைத் தூக்கினாள். "மேடம், எங்க அம்மா பொறந்த மைன்ஸ் லைன் வீட்டுல மூணாவது சுவரே கெடையாது. நடுவுல மூங்கில் தட்டிதான். இந்தப் பக்கம் புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டா அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க தீர்ப்பு சொல்லுவாங்க. எங்க ஊர்ல இந்தக் கோட்பாடு எடுபடாது."

வகுப்பு சிரித்தது. சஹானாவும் சிரித்து, "அதை எழுதிக் கொண்டு வாங்க" என்றார். அப்படி எழுதிக் கொண்டுபோய் அவள் வாங்கிய மார்க்குதான் அந்த வகுப்பிலேயே அதிகம். இதுவும் பூக்காரம்மாவுக்குத் தெரியும்.

எம்.ஏ. முடிக்க ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் ஜூன் மாத வேலை. என்ன தலைப்பு எடுக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தவளிடம் சஹானா ஒரு நாடகத்தின் நகலைக் கொடுத்தார். அமெரிக்காவில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில், தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய பஞ்ச காலத்தில், அந்த ஊர்த் தொழிலாளிகளே எழுதி மாதா கோயில் கூடத்தில் போட்ட சின்ன நாடகம். முதல் பக்கம் கிழிந்து போனதால் தலைப்பும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. மேடைப் பொறுப்பாளர் கையில் வைத்திருந்த பிரதியின் நகல் அது. யாரும் இதைப் பற்றி இதுவரை எழுதவில்லை என்று சஹானா சொன்னதும் சங்கமித்ராவுக்கு எச்சில் ஊறிவிட்டது.

கதை சின்னதுதான். முதல் காட்சியில் சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, தன் வீட்டுச் சமையலறையில் மேஜை மேல் விளக்கை வைத்து, ஷிஃப்ட் முடிந்து வரும் மகனுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். இரண்டாவது காட்சியில் மேடையில் ஒன்றுமே இல்லை. அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் நிற்கிறார்கள். குளிரைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் பேசுகிறார்கள். கடைசியில் அவள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து "உட்கார்" என்கிறாள். நாடகம் முடிகிறது. இரண்டு காட்சிக்கும் நடுவே பெரிய எழுத்தில் ஒரு சொல் இருந்தது: ஸ்ட்ரைக். அதற்குக் கீழே, மேஜை, நாற்காலிகள், விளக்கு. அதற்கும் கீழே, விதவை நிற்கிறாள்.

சங்கமித்ராவுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும்? முதல் காட்சிக்கும் இரண்டாவது காட்சிக்கும் நடுவில் சுரங்கத்தில் ஸ்ட்ரைக். மேஜை போச்சு, நாற்காலி போச்சு, விளக்கு போச்சு. விதவை மட்டும் நிற்கிறாள். ஸ்ட்ரைக்கைப் பற்றி நாடகத்தில் யாருமே ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரங்கள் எதைப் பேசாமல் விடுகிறார்களோ அங்கேதான் நாடகம் இருக்கிறது என்று சஹானா மேடம் நடத்திய பாடமும் இதோடு கச்சிதமாகப் பொருந்திப் போனது.

அவளுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயமும் இல்லை. அவள் அப்பா கிருஷ்ணப்பா தங்கவயல் சுரங்கத்தில் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். மிச்சம் விழுந்த மரத் துண்டுகளைச் சேர்த்து மகளுக்கு ஒரு மேஜை செய்து கொடுத்திருந்தார். ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதற்கு அட்டை மடித்து வைத்துத்தான் எழுத வேண்டும். அவள் பி.யூ. பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வருடம், வீட்டில் சம்பூர்ணம் இன்றுவரை "ஸ்ட்ரைக்கு டைம்" என்று சொல்கிற அந்த வருடம், ஒருநாள் பரீட்சை எழுதிவிட்டு வந்து பார்த்தால் மேஜை இருந்த இடத்தில் அந்த அட்டைதான் கிடந்தது. பங்காருப்பேட்டைப் பழைய சாமான்காரரின் வண்டி வந்து போயிருந்தது. மேஜையின் ஒரு முனையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டதே அம்மாதான் என்று அவளுக்கு அப்புறம் தெரிந்தது. சம்பூர்ணம் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கமித்ராவும் கேட்கவில்லை. மீதிப் பரீட்சைகளுக்குத் தரையில் உட்கார்ந்து படித்தாள்.

ஆகவே ஆய்வேடு தன்னைத்தானே எழுதிக்கொண்டு போயிற்று. "பேசப்படாத வேலைநிறுத்தம்" என்று தலைப்பு. சஹானா ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்து ஓரத்தில் பாராட்டி எழுதினார்.

துறையில் எல்லார் முன்னாலும் ஆய்வைப் படித்துக் காட்டும் நாள் வந்தது. சங்கமித்ரா அரக்குக் கலர்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். முடிந்ததும் கைதட்டினார்கள். கேள்வி ஏதாவது உண்டா என்று சஹானா கேட்டார்.

கிஷோர் எழுந்தான். அவன் வகுப்பிலேயே அதிகம் பேசாதவன். பகலில் ஊரில் உள்ள நாடக அரங்குகளில் செட் போடுவதும் விளக்குக் கட்டுவதும் அவன் தொழில்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஸ்ட்ரைக்கு... அது வேற ஸ்ட்ரைக்குனு நெனைக்கிறேன்."

"எத்தன ஸ்ட்ரைக்குடா இருக்குது உலகத்துல?"

"தியேட்டர்ல ஸ்ட்ரைக்னா செட்டைக் கழட்டறது அக்கா. சீன் முடிஞ்சதும் சாமானை எல்லாம் எடுத்துடுனு அர்த்தம். மேஜையை எடு, நாற்காலியை எடு, விளக்கை எடு, அந்தம்மா மட்டும் மேடையிலயே நிக்கட்டும்னு போட்டிருக்காங்க. அடுத்த சீன் வீட்டுலயே இல்ல. மைன்ஸ் கேட்டுக்கு வெளிய."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கும் பழக்கம் சங்கமித்ராவுக்கு உண்டு. "அது உங்க தியேட்டர் பாஷையா இருக்கலாம். இது தொழிலாளிங்க எழுதனது" என்றாள். சஹானா அந்த நகலை வாங்கிப் புரட்டினார். இரண்டாவது காட்சியில் பக்கத்து வீட்டுக்காரி "கம்பெனி கேட்டை இழுத்துச் சாத்திவிட்டான்" என்று சொல்லும் இடத்தில் அவருடைய விரல் நின்றது. கேட் சாத்தினது கம்பெனி. தொழிலாளி ஸ்ட்ரைக் செய்யவில்லை. சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். நாடகத்தில் ஸ்ட்ரைக்கே இல்லை.

எல்லாரும் போனபிறகு சஹானா மெதுவாக, கன்னடத்தில், தப்பு தன்னுடையதும்தான் என்றார். அவரும் புத்தகத்தில் நாடகம் படித்தவர்தான், மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தவர் இல்லை. ஒப்படைக்கும் தேதி தலைக்கு மேல் நிற்கிறது. பழைய வில்லன் நாடகங்களைப் பற்றி அவளிடம் நல்ல குறிப்புகள் இருக்கின்றன. அதை வைத்துச் சுருக்கமாக ஒன்று எழுதிக் கொடுத்தால் தேறிவிடலாம். இதையே கொடுத்தால் வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்.

"ஸ்வல்ப யோசனெ மாடி, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்" என்றார் சஹானா.

சங்கமித்ரா வீட்டுக்கு வந்து பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. பட்டுப்புடவை வேறு கட்டிக்கொண்டு போனோமே என்று நினைக்க நினைக்க இன்னும் எரிந்தது. ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தாயிற்று. ஜூன் மாதம் பூக்காரம்மா கேட்பாள், முதல்வர் கேட்பார். ஆனால் அவள் மனசைக் குடைந்தது அது மட்டுமில்லை. இவ்வளவு படித்த தனக்கு ஒரு நிமிஷம்கூட ஏன் சந்தேகம் வரவில்லை? மேஜை, நாற்காலி, விளக்கு என்று படித்தவுடனே இது ஸ்ட்ரைக்கு டைம் என்று மனசு ஏன் சத்தியம் செய்தது?

இரண்டு நாள் யோசித்துவிட்டு கிஷோருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, என்மேல கோவமா இருக்கீங்களா?"

"ஆமா. அதனாலதான் உங்கிட்ட வேலை வாங்கப் போறேன். நாடகத்தப் படிச்சே ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லிட்டோம். யாராவது போட்டுப் பாத்தமா?"

நாடகத்தை அவளே தமிழில் எழுதினாள். இரண்டாவது காட்சி சுரங்க கேட்டுக்கு வெளியே நடப்பதாகவே, கிஷோர் சொன்னபடியே வைத்தாள். ஏமாற்று வேலை கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியாகப் பள்ளியில் கூட வேலை செய்யும் வனஜா. மகனின் குரலும் மேடைச் சாமான்களும் கிஷோர். விதவை வேஷம் தனக்கே என்று சங்கமித்ரா யாரையும் கேட்காமல் முடிவு செய்துகொண்டாள். சஹானா மேடத்துக்கும் சொல்லி அனுப்பினாள். இடம், தெருவில் உள்ள புத்த விகாரையின் மாடிக் கூடம். அங்கே ஞாயிற்றுக்கிழமை வந்தனை முடிந்ததும் கூடுகிறவர்களில் பாதிப்பேர் தங்கவயலிலிருந்து வந்து குடியேறியவர்கள். யாரிடமும் அவள் எந்த விளக்கமும் சொல்லவில்லை. அமெரிக்கா நாடகம், வந்து பாருங்கள், முடிந்ததும் சுண்டல் உண்டு என்று மட்டும் சொன்னாள்.

சுண்டல் என்றதும் கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் சம்பூர்ணம், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகள் எப்போது தப்புச் செய்வாள் என்று பார்க்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சஹானா நின்றிருந்தார்.

முதல் காட்சி நன்றாகவே போயிற்று. கிஷோர் அரங்குக் கிடங்கிலிருந்து ஒரு பழைய மர மேஜை கொண்டுவந்திருந்தான். சங்கமித்ரா அதைத் துடைத்தாள், விளக்கை வைத்தாள், தட்டை வைத்தாள். உள்ளேயிருந்து மகனின் குரல் வந்தது. காட்சி முடிந்தது.

அந்தக் கூடத்தில் திரை கிடையாது. விளக்கை அணைக்கலாம் என்றால் டியூப்லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒரே ஸ்விட்ச். ஏப்ரல் மாத வெயிலில் ஃபேனை நிறுத்தினால் கூட்டம் எழுந்து போய்விடும். அதனால் வெளிச்சத்திலேயே, எல்லார் கண் முன்னாலும், கிஷோர் கறுப்புச் சட்டையோடு உள்ளே வந்தான். இதைப் பார்வையாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும் என்பது நாடக மரபு. அவன் விளக்கை எடுத்துக்கொண்டு போனான். நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனான். சங்கமித்ரா அசையாமல் நின்றாள். திரும்பி வந்து மேஜையை இரண்டு கையாலும் தூக்கினான்.

"டேய்! அத எங்கடா எத்துனு போற?"

சம்பூர்ணம் எழுந்து நின்றிருந்தாள்.

கிஷோர் மேஜையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். செட்டைத்தான் மாற்றுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தான். யாரிடம் சொல்வது, மேடையில் நின்றுகொண்டு சொல்லலாமா என்று தெரியாமல் விழித்தான்.

"வெச்சிட்டுப் போடா! எம்பொண்ணு பரீட்சை எழுதணும்!"

நாடகத்தில் பரீட்சையும் இல்லை, பெண்ணும் இல்லை. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து சம்பூர்ணத்தின் தோளைப் பிடித்தாள். "விடுக்கா. ஸ்ட்ரைக்கு டைம்ல யாரு வூட்லதான் போவல? எங்கூட்டு பீரோ போவலயா?" என்றாள். இன்னொரு மூலையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

சங்கமித்ராவின் கண் நிறைந்துவிட்டது. நான்காவது சுவர் அவள் அம்மாவின் ஒரு சத்தத்தில் காணாமல் போயிருந்தது. அவள் விதவையாகவே நின்றபடி அம்மாவைப் பார்த்து, எழுதி வைக்காத ஒரு வசனத்தைச் சொன்னாள்.

"எத்துனு போவட்டும்மா. நான் கீழ ஒக்காந்து படிச்சிக்கறேன்."

சம்பூர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள். கிஷோர் மேஜையை எடுத்துக்கொண்டு போனான். இரண்டாவது காட்சி நடந்து முடிந்தது. வெறும் மேடையில் நின்று வனஜாவிடம் "உட்கார்" என்று சங்கமித்ரா சொன்னாள். அப்புறம் சுண்டல் கொடுத்தார்கள். சம்பூர்ணம் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, நாடகம் பரவாயில்லை, ஆனால் அந்தப் பையனுக்கு மரியாதை தெரியவில்லை என்றாள்.

அன்று ராத்திரிக்கு முன்பே சங்கமித்ரா தலைப்பை மாற்றிவிட்டாள். ஆய்வேட்டின் முதல் வரி இப்படி ஆரம்பித்தது: இந்த ஆய்வு ஒரு சொல்லைத் தப்பாகப் படித்ததில் பிறந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையெல்லாம் அவளிடம் இல்லை. நான் என்ன தப்பு செய்தேன், கிஷோர் எப்படிக் காட்டிக்கொடுத்தான் என்று எழுதிவிட்டு, அந்த மாதா கோயில் கூடத்திலும் திரை இருந்திருக்காது, சுரங்கக்காரர்கள் தங்கள் வீட்டு மேஜையையே மேடைக்குத் தூக்கி வந்திருப்பார்கள், அது வெளியே போவதை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று கேட்டாள். மேடைப் பொறுப்பாளருக்கு அது சாமானை எடுக்கும் வேலை. சாமானை இழந்தவர்களுக்கு அது கதை. இரண்டையும் எழுதாத நாடக வரலாறு பாதி வரலாறு என்று அடித்துச் சொன்னாள். இதற்கு ஆதாரம் என்ன என்று சஹானா ஓரத்தில் எழுதிய இடங்களில், ஆதாரம் இல்லை, இது என் ஊகம் என்று தைரியமாகச் சேர்த்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு மைசூரிலிருந்து வந்தவர் ஒல்லியாக, கண்டிப்பாக, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டவர். முதல் பக்கத்தைத் திறந்து, "தப்பாகப் படித்தேன் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நான் எதற்கு மார்க் போட வேண்டும்?" என்று கேட்டார்.

"தப்பாப் படிச்சதுக்குப் போடாதீங்க சார். அந்தத் தப்பு எங்கேருந்து வந்துச்சுனு கண்டுபிடிச்சதுக்குப் போடுங்க" என்றாள் சங்கமித்ரா.

அவர் சஹானாவைப் பார்த்தார். சஹானா தண்ணீர் குடித்தார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. சில இடங்களில் அவளைக் குடைந்து எடுத்துவிட்டார். ஊகம் என்று அவள் எழுதிய ஒரு பக்கத்தை ஊகமாகக்கூட நிற்காது என்று அடித்தார். அவளும் அந்த ஒன்றை விட்டுக்கொடுத்தாள். கடைசியாகக் காகிதங்களை அடுக்கிக்கொண்டே இன்னொன்று கேட்டார்.

"உங்கள் ஊரிலும் சுரங்கத்தை மூடத்தான் செய்தார்கள். அப்போது நடந்தது கதவடைப்பு. பின்னே உங்கள் ஜனங்கள் ஏன் அதை ஸ்ட்ரைக் என்று சொல்கிறார்கள்?"

சங்கமித்ரா பேனாவை மூடினாள். மேஜை போன வருடத்திலிருந்து அவள் வீட்டில் புழங்கும் சொல், அவள் ஒருநாளும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை.

"தெரியாது சார். வீட்டுல கேக்கறேன்" என்றாள்.

அவர் முதல்முறையாகச் சிரித்தார். தேறிவிட்டாள். பெரிய மார்க் இல்லை. ஆனால் ஜூன் மாதத்துக்குப் போதுமான மார்க்.

வரும் வழியில் தெருமுனையில் இறங்கி, பூக்காரம்மாவிடம் மல்லிகை வாங்கி, விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். சம்பூர்ணம் தரையில் உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாஸ் என்றதும் கீரைக் கையோடு மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். சங்கமித்ரா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, மைன்ஸ மூடிட்டாங்க. அது ஸ்ட்ரைக்கு இல்லயே. நீ ஏன் ஸ்ட்ரைக்கு டைம், ஸ்ட்ரைக்கு டைம்னே சொல்லினு இருக்கற?"

"நீதானே எம்.ஏ., நீ சொல்லு."

"தெரியாமத்தானே கேக்கறேன்."

சம்பூர்ணம் ஒரு தண்டை ஒடித்தாள். பழுத்த இலையைத் தனியாகப் போட்டாள்.

"மூடிட்டான்னா மூடிட்டாந்தான். அதுக்கு மேல இன்னா பேச்சு கீது? ஸ்ட்ரைக்குன்னு சொன்னா என்னிக்காவது ஒருநாள் முடியும், மைன்ஸ் சங்கு ஊதும், எல்லாரும் வேலைக்குப் போவலாம். உங்கப்பா சாவற வரைக்கும் தெனமும் மைன்ஸ் பூட்ஸைத் தொடச்சு வாசல்ல வெச்சாரு. அவரு எதிர்ல நான் எந்த வாயால மூடிட்டான்னு சொல்லுவேன்?"

சங்கமித்ரா முறத்தை நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு, அம்மாவோடு மீதிக் கீரையை ஆய ஆரம்பித்தாள்.